எமர்சனையும் தோரோவையும் வாசிக்கும் முறை: கடந்தநிலைவாத நூல்களுக்குள் நுழைவோருக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர் எமர்சனின் கட்டுரையொன்றை முதன்முறையாகக் கையிலெடுக்கும் வாசகர் பெரும்பாலும் மூன்றாம் பக்கத்திலேயே திணறிப்போகிறார். ஒவ்வொரு வாக்கியமும் தனியே நின்று ஒளிர்கிறது. ஆனால் முந்தைய வாக்கியத்திலிருந்து அது எவ்வாறு பிறந்தது என்று கேட்டால் விடை எளிதில் கிடைப்பதில்லை. எமர்சனின் நண்பர் தோரோவின் ‘வால்டன்’ நூலை எடுத்தவரோ காட்டையும் குளத்தையும் எதிர்பார்த்துச் சென்று, பலகைக்கும் செங்கல்லுக்கும் ஆணிக்கும் ஆன செலவுக் கணக்கைப் படித்துக்கொண்டிருப்பார். உண்மையை மனிதன் தன் உள்ளறிவால் நேரே காணலாம் என்று நம்பிய, டிரான்ஸென்டென்டலிசம் எனப்படும் கடந்தநிலைவாதத்தை ஒழுங்காகக் கட்டப்பட்ட ஒரு தத்துவ அமைப்பாக எண்ணிக்கொண்டு நுழைவதால் வரும் தடுமாற்றம் இது. தேவாலயப் பிரசங்க மேடையை விட்டு இறங்கிவந்தும் பிரசங்கத்தை விடாத மனிதர்களின் பேச்சாக இந்நூல்களை அணுகுபவருக்கு வழி விரைவில் புலப்படும். அவர்கள் எந்த அதிகாரத்தை மறுக்கிறார்கள், அந்த இடத்தில் எதை வைக்கிறார்கள், வைத்ததற்கேற்ப வாழ்ந்தார்களா என்ற மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பதே நான் பரிந்துரைக்கும் முறை.

முதலில் எதிர்த்தரப்பை அறிந்துகொள்ளுங்கள்

இவ்வியக்கம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரத்தையும் அதற்கு வடமேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவிலுள்ள கான்கார்ட் என்ற சிற்றூரையும் மையமாகக் கொண்டு, 1830களின் நடுப்பகுதியில் தோன்றியது. அதைத் தொடங்கியவர்களில் பலர் யூனிடேரியன் திருச்சபையின் போதகர்கள். அவர்கள் கிளர்ந்தெழுந்தது கடுமையான பழைமைவாதத்துக்கு எதிராக என்று பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். அது பிழையான எண்ணம். யூனிடேரியன்கள், ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கிறார் என்ற திரித்துவக் கோட்பாட்டை ஏற்காதவர்கள். மனிதன் பிறவியிலேயே கறைபட்டவன் என்ற கால்வினியப் போதனையை மறுத்தவர்கள். கல்வியையும் அறிவையும் போற்றியவர்கள். அவ்வளவு தாராளமான ஒரு சபைக்குள்ளிருந்தே இந்த மறுப்பு எழுந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் அதன் கூர்மை விளங்கும்.

யூனிடேரியன் சிந்தனைக்கு அடித்தளமாக இருந்தவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். அறிவு முழுவதும் புலன்கள் வழியாகவும், புலன்கள் தந்தவற்றை மனம் திரும்ப எண்ணிப்பார்ப்பதன் வழியாகவுமே வருகிறது என்பது அவர் கொள்கை. அதை ஏற்றுக்கொண்டால் சமயத்துக்கு ஒரு சிக்கல் நேர்கிறது. கடவுளைப் பற்றிய அறிவும் சான்றுகள் வழியாகத்தான் வர வேண்டும். அந்தச் சான்றுகளோ பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு சிலர் கண்டு எழுதிவைத்த அற்புதங்கள். அப்படியானால் இன்று வாழும் மனிதனின் இறையனுபவம் எப்போதும் இரண்டாம் கைச் சரக்காகவே இருக்கும். எமர்சன் தலைமுறையைச் சுட்டது இந்த முடிவுதான். ‘இயற்கை’ என்ற தம் முதல் நூலின் தொடக்கத்திலேயே, முன்னோர் கடவுளையும் இயற்கையையும் நேருக்கு நேர் கண்டார்கள், நாம் மட்டும் ஏன் அவர்களின் கண்கள் வழியாகப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கிறார். இந்தக் கேள்வியின் பின்னால் லாக்கும் அற்புதங்களும் நிற்பதை அறியாதவருக்கு அது அழகானதொரு ஆவேசமாக மட்டுமே தெரியும்.

லாக்குக்கு மாற்று ஜெர்மனியிலிருந்து வந்தது. 1781இல் வெளிவந்த ‘தூய அறிவின் விமரிசனம்’ நூலில் இம்மானுவேல் கான்ட், இடம், காலம், காரண காரியம் போன்றவை அனுபவத்திலிருந்து பெறப்படுபவை அல்ல, அனுபவம் நிகழ்வதற்கே மனம் முன்னதாகக் கொண்டுவரும் வடிவங்கள் என்று காட்டினார். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் இளைஞர்களில் பலர் இதை நேரடியாகப் படிக்கவில்லை. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் ‘சிந்தனைக்குத் துணை’ என்ற நூலை ஜேம்ஸ் மார்ஷ் 1829இல் வெர்மான்ட் மாநிலத்தில் பதிப்பித்தார். அதில் கோல்ரிட்ஜ் வகுத்த வேறுபாட்டை, அதாவது கணக்கிட்டு ஒப்பிடும் புத்தி வேறு, உண்மையை நேரே காணும் உள்ளறிவு வேறு என்பதை, அவர்கள் பற்றிக்கொண்டார்கள். கான்ட் மனித அறிவுக்கு எல்லை வரைந்தவர். இவர்களோ அந்த எல்லையைத் தாண்டும் திறன் ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இருக்கிறது என்றார்கள். ஆகவே எமர்சனை வாசிக்கும் முன் கான்ட்டைக் கரைத்துக் குடிக்க வேண்டுமா என்று தயங்குவோர் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம். கான்ட்டின் கண்டிப்பான பொருளில் இவர்களை அளந்தால் குழப்பமே மிஞ்சும்.

எமர்சனை எங்கே தொடங்குவது

ரால்ஃப் வால்டோ எமர்சன் 1803இல் பாஸ்டனில் பிறந்தார். 1829இல் அந்நகரத்தின் இரண்டாம் திருச்சபைக்குப் போதகரானார். அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனச் சடங்கை நடத்துவதில் தமக்கு உடன்பாடு இல்லை என்று கூறி 1832இல் அப்பதவியைத் துறந்தார். அதன்பின் அவர் வாழ்க்கை முழுவதும் சொற்பொழிவாளராகவே கழிந்தது. இந்தச் செய்தி வாசிப்புக்கு மிகவும் பயன்படும். எமர்சன் முதலில் நாட்குறிப்பில் எழுதுவார்; குறிப்புகளுக்குப் பொருளடைவு தயாரித்து வைத்திருப்பார்; சொற்பொழிவுக்கு அழைப்பு வந்ததும் ஒரு தலைப்பின்கீழ் அவற்றைத் திரட்டுவார்; பல ஊர்களில் பேசிப் பேசிச் செதுக்கியபின் கட்டுரையாக அச்சிடுவார். வாக்கியங்களுக்கு இடையே இணைப்புச் சொற்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுவே. தம் வாக்கியங்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் துகள்களாக இருக்கின்றன என்று ஸ்காட்லாந்து எழுத்தாளர் கார்லைலுக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

ஆகவே ஒரே அமர்வில் ஒரு கட்டுரையை முடிக்க முயலாதீர்கள். ஒரு பத்தியை வாய்விட்டு வாசியுங்கள். அதில் எந்த வாக்கியத்தைச் சுற்றி மற்றவை நிற்கின்றன என்று தேடுங்கள். அந்த வாக்கியம் பெரும்பாலும் பத்தியின் முதலில் இராது. நடுவிலோ, இறுதிக்குச் சற்று முன்போ இருக்கும். அதைக் கண்டுபிடித்தபின் மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தால், தொடர்பற்றவையாகத் தோன்றிய உவமைகள் ஒரே திசையை நோக்கியிருப்பது தெரியும்.

முதலில் வாசிக்க வேண்டியது 1841ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள ‘தற்சார்பு’ கட்டுரை. காலவரிசைப்படி ‘இயற்கை’தான் முந்தியது, அது 1836 செப்டம்பரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. ஆனால் அதன் நடுப்பகுதி மிகக் கடினமானது. பலரை அங்கேயே நிறுத்திவிடும். ‘தற்சார்பு’ உடனடியாக வாசகரைப் பிடித்து உலுக்கக்கூடியது. அந்த வேகமே அதை ஆபத்தான கட்டுரையாகவும் ஆக்கியிருக்கிறது. அதில் வரும் ஒரு வாக்கியம் உலகெங்கும் மேற்கோளாகச் சுற்றுகிறது: முன்னுக்குப்பின் முரண்படாமல் இருப்பது சிறுமனங்களைப் பிடித்தாட்டும் பூதம் என்பது அதன் சாரம். எமர்சன் எழுதியது ‘முட்டாள்தனமான’ முரண்படாமையைப் பற்றி மட்டுமே. அந்த ஒற்றை அடைமொழியை நீக்கிவிட்டு மேற்கோள் காட்டுபவர்கள், எதையும் எப்போதும் மாற்றிப் பேசலாம் என்ற அனுமதியை அவரிடமிருந்து பெற்றுக்கொள்கிறார்கள். நேற்றைய கூற்றுக்கு விசுவாசமாக இருப்பதற்காக இன்று கண்ட உண்மையை மறைக்காதே என்பதுதான் அவர் சொல்லவந்தது.

இன்னொரு பெரிய தவறு, ‘உன்னை நம்பு’ என்ற அழைப்பைச் சுயநலத்துக்கு வாழ்த்துரையாகப் படிப்பது. அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. அதே தொகுப்பிலுள்ள ‘பேரான்மா’ கட்டுரையை உடனடியாக அடுத்து வாசியுங்கள். எல்லா மனிதருக்கும் பொதுவானதொரு ஆன்மாவில் தனிமனிதன் பங்கு கொள்கிறான் என்ற நம்பிக்கை அங்கே விரிவாகப் பேசப்படுகிறது. எமர்சன் நம்பச் சொல்லும் ‘தான்’ அந்த ஆழத்தில் இருப்பது. இப்படிச் சேர்த்து வாசித்தபின்னும் ‘தற்சார்பு’ முழுவதும் இதமாகிவிடாது. ஏழைகளுக்கு உதவச் சொல்பவரிடம், அவர்கள் என் ஏழைகளா என்று எமர்சன் திருப்பிக் கேட்கும் பத்தி அதில் இருக்கிறது. அதைக் கடந்து செல்லாதீர்கள். ஊராரின் கட்டாயத்துக்காகக் கொடுக்கப்படும் தருமத்தை அவர் சாடுகிறார் என்று விளக்கம் சொல்லலாம். அப்படிச் சொன்னபிறகும் எஞ்சி நிற்கும் கடுமையை எமர்சனின் உண்மையான குறையாகவே நான் கருதுகிறேன்.

அடுத்து, 1838 ஜூலை 15 அன்று ஹார்வர்டு இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையை எடுத்துக்கொள்ளுங்கள். போதகர்களாகப் புறப்படவிருந்த மாணவர்களிடம், இயேசுவின் ஆளைத் துதிப்பதில் சபை அவருடைய செய்தியை இழந்துவிட்டது என்றும், கடவுள் பேசி முடித்துவிட்டவர்போல நடத்தப்படுகிறார் என்றும் எமர்சன் சொன்னார். ஆன்ட்ரூஸ் நார்ட்டன் போன்ற மூத்த யூனிடேரியன் அறிஞர்கள் இதை அவநம்பிக்கையின் புதிய வடிவம் என்று கண்டித்தார்கள். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஹார்வர்டு அவரைப் பேச அழைக்கவில்லை. எமர்சன் எவ்வளவு தெளிவாக வாதிடக்கூடியவர் என்பதை அறிய இதைவிட நல்ல இடமில்லை.

‘இயற்கை’க்கு இப்போது வரலாம். முன்னுரையையும் முதல் இயலையும் மட்டும் முதலில் வாசித்தால் போதும். தாம் ஒளி ஊடுருவும் ஒரு கண்விழியாகிவிட்டதாக எமர்சன் கூறும் புகழ்பெற்ற பகுதி அங்கேதான் வருகிறது. அதற்குச் சற்று முன்பு அவர் விவரிக்கும் பேரானந்தம் எங்கே நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். மலைச்சிகரத்திலோ பெருங்கடலின் முன்போ அல்ல. வெறிச்சோடிய ஒரு பொதுத்திடலில், உருகும் பனி குட்டைகளாகக் கிடக்க, மேகம் மூடிய அந்தி வேளையில், எந்த நல்லூழையும் எதிர்பாராமல் நடந்துகொண்டிருந்தபோது. சாதாரணமான இடத்திலும் பேரனுபவம் சாத்தியம் என்ற அவர் கொள்கைக்கு அந்த இடத்தேர்வே சான்றாகிறது.

இவற்றோடு நின்றுவிட்டால் எமர்சனைப் பாதிதான் வாசித்தவர்களாவோம். 1842 ஜனவரியில் அவருடைய மகன் வால்டோ ஐந்து வயதில் செங்காய்ச்சலால் இறந்தான். 1844இல் வெளியான ‘அனுபவம்’ கட்டுரையில், எங்கே தொடங்கியது எங்கே முடியும் என்று தெரியாத ஒரு படிக்கட்டின் நடுவில் விழித்தெழுந்தவர்களாக மனிதர்களை அவர் காட்டுகிறார். துயரம்கூடத் தமக்கு எதையும் கற்பிக்கவில்லையே என்று துயரப்படுகிறார். ‘தற்சார்பு’ முழங்கிய அதே குரல் இங்கே தன் நம்பிக்கையைத் தானே சோதிக்கிறது. எமர்சன் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

‘வால்டன்’ நூலை வாசிக்கும் வரிசை

ஹென்றி டேவிட் தோரோ கான்கார்டிலேயே 1817இல் பிறந்தவர். பென்சில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர். எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், வால்டன் குளத்தின் கரையில், தாமே கட்டிய சிறு வீட்டில் 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை குடியிருந்தார். நூல் வெளிவந்ததோ 1854இல். இடைப்பட்ட காலத்தில் ஏழு முறை திருத்தி எழுதப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்க்கை அதில் ஒரே ஆண்டின் சுழற்சியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. இதை நாட்குறிப்பாகப் படிப்பவர் அதன் கட்டமைப்பைத் தவறவிடுவார்.

முதல் இயலான ‘சிக்கனம்’ நூலிலேயே மிக நீளமானது. அதில் தொடங்கிச் சோர்ந்துபோவோர் மிகப் பலர் என்பதால், இரண்டாம் இயலில் தொடங்குவது நல்லது. தாம் ஏன் காட்டுக்குச் சென்றோம் என்பதைத் தோரோ அங்கே சொல்கிறார்: வாழ்வின் இன்றியமையாத உண்மைகளை மட்டும் எதிர்கொள்ளவும், சாகும் வேளையில் வாழவே இல்லை என்று உணர நேராமல் இருக்கவும். அதை வாசித்தபின் முதல் இயலுக்குத் திரும்புங்கள். வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்ற கணக்கு இப்போது வேறு பொருள் தரும். ஒரு பொருளின் விலை என்பது அதற்காகக் கொடுக்க வேண்டிய வாழ்நாளின் அளவு என்று அந்த இயலில் அவர் வரையறுக்கிறார். அந்த வரையறையை ஏற்றுக்கொண்டவருக்குப் பைசா சுத்தமாகக் கணக்குக் காட்டுவது ஆன்மிகக் கடமையாகிவிடுகிறது. பிரசங்கத்தில் வேத வசனம் இருக்கும் இடத்தில் இங்கே பேரேடு இருக்கிறது.

பிறகு ‘குளங்கள்’, ‘அவரை வயல்’, ‘குளிர்காலத்தில் குளம்’ ஆகியவற்றை வாசியுங்கள். வால்டன் குளத்துக்கு அடியே இல்லை என்று ஊரார் நம்பினார்கள். தோரோ பனி உறைந்திருந்த காலத்தில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பல இடங்களில் அளந்து, மிக ஆழமான இடம் 102 அடி என்று கண்டார். குளம் ஆழமாகவும் தூய்மையாகவும் இருப்பது ஓர் உருவகமாகப் பயன்படுகிறது என்பதற்காக நன்றி சொல்கிறார். ஆனால் முதலில் அளந்துவிட்டுத்தான் சொல்கிறார். கடந்தநிலைவாதிகள் மேகத்தில் மிதந்தவர்கள் என்ற பழிக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை. எனவே தோரோவின் இயற்கை வருணனைகளை முதலில் நேர்ப்பொருளில் வாசியுங்கள். உட்பொருள் பிறகு தானாக வரும்.

அவர் அடிக்கடி ஊருக்குள் சென்றுவந்தார், விருந்தினரை வரவேற்றார் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லி, துறவு வேடம் கலைந்துவிட்டதாகக் கருதுவோர் உண்டு. ‘விருந்தினர்’, ‘ஊர்’ என்ற இரண்டு இயல்களில் அவரே அதை எழுதியிருக்கிறார். தம் வாழ்முறையை எவரும் அப்படியே பின்பற்ற வேண்டாம் என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

வேதாந்தத்தோடு ஒப்பிடும் ஆவலைச் சற்றுத் தள்ளிவையுங்கள்

‘குளிர்காலத்தில் குளம்’ இயலின் இறுதியில் நமக்கு நெருக்கமான ஒரு பகுதி வருகிறது. வால்டன் குளத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும் பனிக்கட்டி கப்பலேறிச் செல்வதை நினைத்து, சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் என் கிணற்றில் நீர் அருந்துகிறார்கள் என்று எழுதும் தோரோ, தாம் காலைதோறும் பகவத்கீதையில் தம் அறிவை நீராட்டுவதாகவும் எழுதுகிறார். கடந்தநிலைவாதிகள் 1840 முதல் 1844 வரை நடத்திய ‘டயல்’ என்ற காலாண்டிதழில் மனுஸ்மிருதியின் பகுதிகளும் பௌத்த நூற்பகுதியும் மொழிபெயர்ப்பில் வெளியாயின. எமர்சன் 1857இல் ‘பிரம்மா’ என்ற கவிதையையே வெளியிட்டார்.

இவற்றைக் கண்டதும், பேரான்மா என்பது அத்வைதத்தின் அமெரிக்கப் பிரதி என்று முடிவுகட்டத் தோன்றும். ஆண்டுகளைப் பாருங்கள். ‘பேரான்மா’ 1841இல் அச்சேறியது. சார்லஸ் வில்கின்ஸ் மொழிபெயர்த்த ஆங்கில கீதையை எமர்சன் வாசித்தது 1845இல். அதற்கு முன்பே இந்திய நூல்களைப் பற்றி அவர் ஓரளவு அறிந்திருந்தாலும், கட்டுரையின் அடிவேர் பண்டைய தத்துவஞானி புளோட்டினஸிடமும் கோல்ரிட்ஜிடமும் மனித ஆன்மாவில் கடவுள் சாயல் உண்டென்று போதித்த யூனிடேரியன் போதகர் வில்லியம் எல்லரி சானிங்கிடமும் இருக்கிறது. தம்முள் ஏற்கெனவே முளைத்திருந்த எண்ணத்துக்குத் தொன்மையான துணை ஒன்று கீழ்த்திசையில் கிடைத்ததாகவே அவர்கள் உணர்ந்தார்கள். ஒப்பீடு செய்யத்தான் வேண்டும். ஆனால் அவர்களுடைய சொந்த மண்ணை அறிந்தபிறகு செய்தால் ஒற்றுமையோடு வேற்றுமையும் புலப்படும்.

சொல்லோடு செயலையும் சேர்த்துப் படித்தல்

உள்ளறிவுதான் இறுதி அதிகாரம் என்று சொன்னவர்கள் சட்டமும் வழக்கமும் அதற்கு எதிராக நின்றபோது என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் இந்த வாசிப்பு நிறைவடையாது. அடிமைமுறையைப் பாதுகாக்கும் அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்த தோரோ, 1846 ஜூலையில் ஓரிரவு கான்கார்ட் சிறையில் இருந்தார். அதையொட்டி 1848இல் ஊர் மன்றத்தில் பேசியது 1849இல் கட்டுரையாக அச்சாயிற்று. இன்று ‘சட்டமறுப்பு’ என்ற பெயரால் அறியப்படும் அதை 1907இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் வழியாக வாசகரிடம் கொண்டுசென்றார். ‘தற்சார்பு’ கட்டுரைக்கு அடுத்து இதை வைத்து வாசித்தால், எமர்சனின் பொதுவான அறைகூவல் ஒரு குறிப்பிட்ட வரியின்மீது, ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இறங்கியது என்பது தெரியும்.

மார்கரெட் ஃபுல்லரை இறுதியில் ஒரு பெயராக மட்டும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று. ‘டயல்’ இதழின் முதல் ஆசிரியர் அவர். 1839 முதல் பாஸ்டனில் பெண்களுக்காகக் கட்டணம் பெற்று உரையாடல் வகுப்புகள் நடத்தினார். படித்ததைச் சிந்தித்துப் பேசும் வாய்ப்பைப் பெண்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் தராத காலம் அது. ‘டயல்’ இதழில் 1843இல் எழுதிய நீண்ட கட்டுரையை விரித்து, 1845இல் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்’ என்ற நூலாக வெளியிட்டார். புராணக் குறிப்புகள் நிறைந்த நூல் அது. ஒவ்வொன்றையும் தேடிப்பார்க்கப் போனால் இழை அறுந்துவிடும் என்பதால், முதல் வாசிப்பில் அவற்றைக் கடந்து வாதத்தை மட்டும் பின்தொடருங்கள். ஆன்மா ஆண், பெண் என்ற வரம்புக்கு அப்பாற்பட்டது என்றால் தொழிலும் கல்வியும் சொத்தும் ஏன் வரம்புக்குட்பட வேண்டும் என்பதே அவர் கேள்வி. பெண்கள் விரும்பினால் கப்பல் தலைவர்களாகவும் இருக்கட்டும் என்றார். எமர்சன் வகுத்த கொள்கையை எமர்சன் செல்லாத தூரத்துக்குக் கொண்டுசென்றவர் அவர். இத்தாலியப் புரட்சியை நேரில் கண்டு, கணவரோடும் குழந்தையோடும் நாடு திரும்புகையில், 1850 ஜூலை 19 அன்று நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் தீவருகே கப்பல் உடைந்து மூவரும் மாண்டனர்.

கூட்டுவாழ்வு முயற்சிகளைப் பற்றிச் சுருக்கமாக அறிந்தால் போதும். இவ்வியக்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரிப்ளி தொடங்கிய புரூக் பண்ணை 1841 முதல் 1847 வரை நீடித்தது. பிரான்சன் ஆல்காட் முன்னின்ற ஃப்ரூட்லேண்ட்ஸ் 1843 கோடையில் தொடங்கி அந்தக் குளிர்காலத்திலேயே கலைந்தது. முன்னதில் சிலகாலம் உழைத்த நத்தானியல் ஹாதார்ன் பின்னாளில் எழுதிய ‘பிளித்டேல் காதை’ நாவல், இந்த இலட்சியங்கள்மீது எழுந்த ஐயங்களை உள்ளிருந்து காட்டுகிறது. எதிர்க்குரலுக்கு அதைப் படிக்கலாம்.

இவ்வளவும் வாசித்தபின் தோரோவின் நாட்குறிப்புக்குச் செல்லுங்கள். 1837 அக்டோபர் 22 அன்று தொடங்கி, 1862இல் அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்புவரை எழுதப்பட்ட அது 1906இல் 14 தொகுதிகளாக வெளிவந்தது. முழுவதையும் படிக்க எவருக்கும் பொழுது போதாது. 1850க்குப் பிந்தைய ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அன்றன்றைய தேதிக்குரிய பதிவை அன்றன்று வாசித்து வாருங்கள். அருகில் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு, உங்கள் கண்ணில் பட்ட ஒன்றை வருணனையின்றி, அளவோடும் பெயரோடும் எழுதுங்கள்; அதன்பின் ‘வால்டன்’ நூலின் ‘குளங்கள்’ இயலை மறுபடி வாசித்து, நாட்குறிப்பில் இருந்த எது நூலில் நிலைத்தது, எது விடப்பட்டது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.